வாசகர் கேள்வி: இலங்கைத் தோட்டத்திலிருந்து வந்தவர்களின் கதையைப் பதிவு செய்வது எப்படி?

கேள்வி: என் அம்மாயி நுவரெலியா பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்து, சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இந்தியாவுக்கு அனுப்பப்பட்டவர். இப்போது வயது எண்பதை நெருங்குகிறது. அவருடைய கதையைப் பதிவு செய்ய விரும்புகிறேன். "உங்க கதையச் சொல்லுங்க அம்மாயி" என்றால், "சொல்ல என்னடி இருக்கு, உழைச்சோம், வந்தோம்" என்று முடித்துவிடுகிறார். எந்த ஆண்டு வந்தோம் என்பதும் அவருக்கு நினைவில்லை. எப்படித் தொடங்குவது?
– வாசகி, கோத்தகிரி

பதில்: தங்கள் அம்மாயி எதையும் மறைக்கவில்லை, கேள்விதான் மிகப் பெரிதாக இருக்கிறது. வேலையிலிருந்து தொடங்குங்கள். எந்தத் தோட்டம், எந்த டிவிஷன், லயத்தில் (தொழிலாளர்களின் வரிசை வீடுகள்) எத்தனையாவது காம்பரா (அறை), விடியற்காலையில் பெரட்டுக்கு (வேலை பிரித்துக்கொடுக்க ஆட்கள் கூடுவது) தப்பு அடித்தவர் யார், கைக்குழந்தையைப் பிள்ளைக் காம்பராவில் (குழந்தைகள் காப்பகம்) விட்டுவிட்டு மலையேற எவ்வளவு நேரமாகும், மடுவத்தில் (கொழுந்து நிறுக்கும் கொட்டகை) நிறுக்கும்போது எத்தனை ராத்தல் கழிப்பார்கள், எதற்கெல்லாம் அரைப்பேர் (அரைநாள் கூலி) போடுவார்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுப் பாருங்கள். கொழுந்து பறித்த பெண்கள் மடுவத்துத் தராசைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எளிதில் நிறுத்தமாட்டார்கள். அந்தப் பேச்சினூடே கங்காணியும் துரையும் பக்கத்துக் காம்பராக்காரரும், இறந்துபோன பிள்ளையும், காமன் கூத்தில் ரதி வேடம் கட்டிய மாமனும் தாமாகவே வந்து சேர்வார்கள்.

ஆண்டு நினைவில்லை என்பதற்காகக் கவலைப்பட வேண்டாம். பஞ்சாங்கத் தேதியைக் கேட்காமல், எதற்கு முன், எதற்குப் பின் என்று கேளுங்கள். முன்பு ஊருக்கு வந்துபோன காலத்தில் கப்பல் எங்கே நின்றது என்று விசாரியுங்கள். தனுஷ்கோடியில் இறங்கியதாகச் சொன்னால், அந்தப் பயணம் 1964 டிசம்பர் புயலுக்கு முந்தியது. ராமேஸ்வரத்தில் இறங்கியதாகச் சொன்னால் அதற்குப் பிந்தியது. இலங்கையில் தோட்டங்களை அரசு எடுத்துக்கொண்டது 1972, 1975 ஆகிய ஆண்டுகளின் நிலச் சீர்திருத்தச் சட்டங்களால். எனவே கம்பெனித் துரை இருந்தபோதே புறப்பட்டார்களா, அரசாங்கம் எடுத்த பிறகா என்று கேட்டால், இன்னும் சில ஆண்டுகளுக்குள் காலத்தைக் குறுக்கிவிடலாம். எழுபதுகளின் நடுவில் வந்த உணவுப் பஞ்சத்தையும், 1977 கலவரத்தையும், 1983 கலவரத்தையும் மறந்தவர்கள் அநேகமாக இருக்கமாட்டார்கள். மூத்த பிள்ளை அப்போது கைக்குழந்தையா, பள்ளிக்குப் போனதா என்பது மற்றோர் அளவுகோல்.

கேட்கத் தயங்கினாலும் கேட்டே ஆக வேண்டிய ஒன்று உண்டு: இந்தியாவுக்கு மனுப் போட்டது யார்? 1948-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் மலையகத் தமிழர்களில் (இலங்கைத் தோட்டப் பகுதித் தமிழர்கள்) மிகப் பெரும்பாலானோர் நாடற்றவர்களானார்கள். 1964 அக்டோபர் 30-இல் இரு நாட்டுப் பிரதமர்களும் கையெழுத்திட்ட ஒப்பந்தம், அவர்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்கும், 3,00,000 பேரை இலங்கை ஏற்கும் என்றது. மிச்சமிருந்த 1,50,000 பேரை இரு நாடுகளும் பாதிப்பாதியாக ஏற்பது என்று 1974-இல் முடிவாயிற்று. கையெழுத்திட்டவர்களுக்கு இவை எண்ணிக்கைகள். லயத்திலோ, அண்ணன் இந்தியாவுக்கும் தங்கை இலங்கைக்கும் மனுப் போட்டு, ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிட்ட குடும்பம் இரண்டு நாடுகளாகப் பிரிந்தது. கணவர் போட்ட மனுவில் மனைவியின் விருப்பம் கேட்கப்பட்டதா என்பதை அரசாங்கக் கோப்புகளில் தேடிக் காண முடியாது; தங்கள் அம்மாயிதான் சொல்ல வேண்டும். இந்தக் கேள்வியை முதல் நாளே கேட்காதீர்கள். பேச்சு நன்றாகக் கூடிவந்த பிறகு, அவருடைய பிள்ளைகள் அருகில் இல்லாத நேரத்தில் கேளுங்கள்.

வீட்டுப் பெட்டியில் பாஸ்போர்ட்டோ குடும்ப அட்டையோ இருந்தால், அதை அவர் கையில் கொடுத்துவிட்டுப் பேசச் சொல்லுங்கள். பாஸ்போர்ட்டில் எழுதிய பெயரும் லயத்தில் கூப்பிட்ட பெயரும் வேறாக இருப்பது சாதாரணம், இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். இலங்கையிலிருந்து வந்தவர்களை முதலில் தங்கவைத்த மண்டபம் முகாமில் எத்தனை நாள் இருந்தார்கள், அங்கிருந்து யார் யார் எந்தப் பக்கம் அனுப்பப்பட்டார்கள் என்பதும் முக்கியம். 1968-இல் தமிழ்நாடு அரசு தொடங்கி, 1976-இல் டான்டீ (தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகம்) என்று மாறிய தேயிலைத் தோட்டங்களுக்கு வந்தவர்கள் ஒரு பகுதியினர்தான். நூற்பாலைகளுக்கும், கேரள, கர்நாடக ரப்பர் தோட்டங்களுக்கும் போனவர்கள் உண்டு, சிறுகடன் வாங்கிக் கடை வைத்து நொடித்தவர்களும் உண்டு.

கருவியைப் பற்றிச் சுருக்கமாக: கைபேசியே போதும். விமானப் பயன்முறையில் போட்டு, மின்விசிறியை நிறுத்திவிட்டு, மடித்த துண்டின் மேல் அவருக்கு அருகில் வையுங்கள். வீடியோ வேண்டாம் என்பது என் கட்சி. கேமராவைக் கண்டதும் புடவையைச் சரிசெய்துகொண்டு மேடைத் தமிழ் பேசத் தொடங்கிவிடுகிறார்கள்.

கேள்வி: எங்கள் குடியிருப்பில் பலருடைய கதைகளைச் சேகரித்து ஒரு சிறு நூலாக அச்சிட எண்ணியிருக்கிறோம். ஒரு முதியவர் மனம்விட்டு எல்லாவற்றையும் சொன்னார். அவருடைய மகனோ, "எங்களை இன்னும் சிலோன்காரன் என்றுதான் சொல்கிறார்கள், சம்பந்தம் பேசுகிற நேரத்தில் இதெல்லாம் வேண்டாம்" என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?
– வாசகர், கூடலூர்

பதில்: கதை சொன்னவருடையது. மகனுக்கு அதைத் தடுக்கும் உரிமை இல்லை. ஆனால் அவருடைய அச்சத்தில் நியாயம் இருக்கிறது. ஆகவே அச்சுக்குப் போகுமுன், எழுதியதை முதியவருக்கு முழுவதும் வாசித்துக் காட்டுங்கள். பேசும்போது கொடுத்த சம்மதம் வேறு, எழுத்தில் கேட்ட பிறகு கொடுக்கும் சம்மதம் வேறு. பெயரை மாற்றலாம், இப்போதைய ஊரை விட்டுவிடலாம், சாதி, கடன், மணமுறிவு பற்றிய பகுதிகளைத் தனியே எடுத்து, இத்தனை ஆண்டு கழித்துத் திறக்கலாம் என்று எழுதிவைக்கலாம். தோட்டத்தின் பெயரையும் டிவிஷனையும் மட்டும், அவர் மறுக்காதவரை, மாற்றாதீர்கள். பிரிந்துபோன உறவினர் யாராவது அங்கிருந்து தேடிவந்தால், அவர்கள் கையில் இருக்கும் ஒரே முகவரி அதுதான்.

கேள்வி: பேச்சை எழுதும்போது பொதுத்தமிழுக்கு மாற்றலாமா? பதிவுகளை எங்கே கொடுத்துவைக்கலாம்?
– கல்லூரி மாணவி, திருச்சி

பதில்: மாற்ற வேண்டாம். "கோச்சி ஏறி தலமன்னார் வந்தம்" என்று அவர் சொன்னால் அப்படியே எழுதி, கோச்சி என்பது ரயில் என்று அடிக்குறிப்பில் சொல்லிவிடுங்கள். தோட்டத்துப் பாடல்களைச் சேகரித்த மலையக எழுத்தாளர் சி.வி. வேலுப்பிள்ளை, அவற்றைப் பாடியவர்களின் வாய்மொழிக்கு மதிப்பளித்ததால்தான் இன்றும் அந்தப் பாடல்களில் கங்காணியின் அதட்டல் கேட்கிறது.

கொடுத்துவைக்க இடங்கள் உண்டு. 2005-இல் தொடங்கி ஈழத்து நூல்களையும் ஆவணங்களையும் மின்வடிவில் காத்துவரும் நூலகம் நிறுவனம், மலையக ஆவணங்களையும் ஒலிப்பதிவுகளையும் சேர்த்துவருகிறது. கம்பளைக்கு அருகில், பழைய லயன் அறைகளிலேயே தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகம் ஒன்று இயங்குகிறது. பழைய கூடை, செக்ரோல் (தொழிலாளர் வேலைப் பதிவேடு), தகரப் பாத்திரம் போன்றவற்றைத் தர விரும்புவோர் முதலில் கடிதம் எழுதிக் கேட்கலாம். எங்கே கொடுத்தாலும் மூலப் பதிவைக் குடும்பத்திலேயே ஒருவர் வைத்திருக்க வேண்டும். ஒவ்வொரு கோப்பின் பெயரிலும் பேசியவர், பிறந்த தோட்டம், பதிவு செய்த தேதி, கேள்வி கேட்டவர் ஆகிய நான்கும் இருக்கட்டும். கேள்வி கேட்டவர் பெயரைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். பேத்தியிடம் சொன்னதையும் ஆய்வாளரிடம் சொன்னதையும் பின்னாளில் பதிவைக் கேட்பவர் ஒரே விதமாக எடுத்துக்கொள்ள முடியாது.