பதிவு எண் இல்லாமல் நீதிமன்றத்தில் சைகை மொழிபெயர்க்கலாமா?

கேள்வி: என் அப்பா, அம்மா இருவருக்குமே காது கேட்காது. எனக்குப் பேச்சு வருவதற்கு முன்பே சைகை வந்துவிட்டது. எங்கள் ஊர் மகளிர் காவல் நிலையத்திலும் நீதிமன்றத்திலும் கூப்பிடும்போதெல்லாம் போய் மொழிபெயர்த்துக் கொடுக்கிறேன். போன மாதம் ஒரு போக்சோ வழக்கில் எதிர்த்தரப்பு வக்கீல், "ஆர்.சி.ஐ. பதிவு எண் இருக்கிறதா? இல்லையென்றால் ஒரு வருடம் ஜெயில்" என்றார். பயந்து வந்துவிட்டேன். இனி போகலாமா? இதுவரை ஒரு ரூபாய்கூட வாங்கியதில்லை.
- ஒரு வாசகி

பதில்: தாராளமாகப் போகலாம். அந்த வக்கீல் சொன்ன சட்டம் இருப்பது உண்மைதான். ஆனால் அதை உங்கள் மீது பாய்ச்சுவது அவர் நினைப்பது போல் சுலபமில்லை.

1992-ஆம் ஆண்டின் இந்திய மறுவாழ்வு கவுன்சில் (அதுதான் ஆர்.சி.ஐ.) சட்டம், 13-வது பிரிவு: பதிவு பெறாதவர் 'மறுவாழ்வுத் தொழில்முறையாளராக' தொழில் செய்யக் கூடாது, மீறினால் ஒரு வருடம் வரை சிறை, அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அந்தத் தொழில்முறையாளர் யார் என்று சட்டமே பட்டியல் போடுகிறது. செவித்திறன் நிபுணர், மருத்துவ உளவியலாளர், சிறப்பாசிரியர் என்று அது நீளும். சட்டத்தின் அந்தப் பட்டியலில் சைகை மொழிபெயர்ப்பாளர் பெயரிட்டுச் சொல்லப்படவில்லை. மத்திய அரசு அறிவிக்கை மூலம் வேறு பிரிவினரைச் சேர்க்கலாம், சரி. அப்போதும் கவுன்சில் அதிகாரம் கொடுத்தவர் எழுத்தில் புகார் தந்தால்தான் நீதிமன்றம் வழக்கை எடுக்கும். எதிர்த்தரப்பு வக்கீல் நினைத்ததும் நடக்கிற காரியமில்லை.

அதே பிரிவு, பதிவில்லாதவர் நிபுணர் சாட்சி சொல்லவும் தடை போடுகிறது. நீங்கள் நிபுணர் கருத்து எதுவும் சொல்லவில்லை. குழந்தை சொன்னதைத்தான் சொல்கிறீர்கள். 1969-ஆம் ஆண்டின் உறுதிமொழிச் சட்டம், 4-வது பிரிவின்படி மொழிபெயர்ப்பாளருக்கென்று தனியாக உறுதிமொழி இருக்கிறது. அது எடுக்காமல் ஆரம்பிக்காதீர்கள். அவசரத்தில் இது விட்டுப்போகலாம். பிறகு மேல்முறையீட்டில் இதைக் கிளறக்கூடும்.

அந்த வக்கீல் உண்மையில் பிடித்திருக்க வேண்டிய இடம் வேறு: 2020-ஆம் ஆண்டின் போக்சோ விதிகள், 5-வது விதி. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு மொழிபெயர்ப்பாளர்களுக்கு ஒரு பதிவேடு வைக்க வேண்டும். அதில் பெயர் ஏற வேண்டுமானால், அங்கீகரிக்கப்பட்ட பல்கலைக்கழகத்திலோ ஆர்.சி.ஐ. அங்கீகரித்த நிறுவனத்திலோ சைகை மொழித் தகுதி பெற்றிருக்க வேண்டும். உங்களிடம் அது இல்லை. ஆனால் பதிவேட்டுக்கு வெளியிலிருந்து ஒருவரை அழைத்தால், அனுபவத்தையோ மொழித் திறமையையோ காட்டினால் போதும், இந்தத் தகுதியைத் தளர்த்தலாம் என்று அதே விதி சொல்கிறது. ஒரே நிபந்தனை: சிறப்பு நீதிமன்றத்துக்கோ அந்த அலகுக்கோ திருப்தி ஏற்பட வேண்டும். ஆகவே அரசு வக்கீலிடம் சொல்லி, உங்கள் பின்னணியையும் எத்தனை வழக்குகளில் உதவினீர்கள் என்பதையும் ஒரு மனுவாகப் போடச் சொல்லுங்கள். நீதிபதியின் திருப்தி உத்தரவில் பதிவாகிவிட்டால் அந்த ஆட்சேபம் அதோடு சரி.

இன்னொன்று. இதே குழந்தைக்குக் காவல் நிலையத்திலும் நீங்கள்தான் மொழிபெயர்த்தீர்களா? குடும்பத்தோடு பழக்கம் உண்டா? இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். அதே போக்சோ விதி அதைக் கேட்கிறது. மறைத்தால்தான் ஆபத்து. வாய்பேச முடியாத சாட்சியின் வாக்குமூலத்தை வீடியோவில் பதிய வேண்டும் என்கிறது புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதினியம், 125-வது பிரிவு. பதிவாகிறதா என்று கேளுங்கள். நாளைக்கு யாராவது 'இவர் சேர்த்துச் சொன்னார்' என்றால் அந்த வீடியோதான் உங்களுக்குச் சாட்சி.

நிரந்தரத் தீர்வு வேண்டுமென்றால் ஆர்.சி.ஐ. அங்கீகரித்த இந்திய சைகை மொழிபெயர்ப்பு டிப்ளமோ இருக்கிறது, இரண்டு வருடம். முடித்தால் மத்திய மறுவாழ்வுப் பதிவேட்டில் எண் கிடைக்கும். உங்களைப் போலக் காது கேளாதோர் வீட்டில் வளர்ந்தவர்களுக்கென்று டெல்லியிலுள்ள இந்திய சைகை மொழி ஆராய்ச்சி மற்றும் பயிற்சி மையம் தனியாகத் திறன் தேர்வும் நடத்தியிருக்கிறது. வகுப்பில் உட்காருவதற்கு முன் அதை விசாரித்துவிடுங்கள்.

அப்புறம், பணம். போக்சோ விதிப்படி மொழிபெயர்ப்பாளருக்கு மாநில அரசு கட்டணம் தர வேண்டும். அது திறன்மிகு தொழிலாளரின் குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே போகக் கூடாது. அடுத்த முறை வாய்தா முடிந்ததும் வந்துபோன சான்று வாங்கிக்கொண்டு, மாவட்ட அலகில் எழுத்தில் கேளுங்கள்.