கல்ஃபிலிருந்து வந்த ஸ்க்ரோல் ஸா: வாங்கலாமா?

கேள்வி: பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறையில் இருக்கிறேன். பிள்ளைகளுக்குத் தமிழ், மலையாள எழுத்துகளை மரத்தில் வெட்டி விற்கிறேன். இதுவரை கைச்சட்ட ரம்பத்தில்தான் வெட்டுகிறேன். மணிக்கட்டு ஒத்துழைக்க மறுக்கிறது. சாவக்காட்டில் ஒருவர் கல்ஃபிலிருந்து கொண்டுவந்த 16 இஞ்ச் ஸ்க்ரோல் ஸாவை (மெல்லிய பிளேடு மேலும் கீழும் ஓடி மரத்தில் வளைவுகளை வெட்டும் மெஷின்) 9,000 ரூபாய்க்குத் தருவதாகச் சொல்கிறார். மூன்று வருடமாக ஷெட்டில் கிடக்கிறதாம். வீடியோவில் ஓட்டிக் காட்டினார், நன்றாகத்தான் ஓடுகிறது. வாங்கலாமா? பழுதானால் நம் பக்கம் யார் பார்ப்பார்கள்?

பதில்: வீடியோவில் ஓடியது மோட்டார். ஸ்க்ரோல் ஸாவில் மோட்டார்தான் கடைசியாகக் கெடும். அப்படியே கெட்டாலும் வைண்டிங் கடையில் வழி உண்டு. நேரில் போய்ப் பார்க்க வேண்டியவை இரண்டு: பிளேடைப் பிடிக்கும் கிளாம்ப், மேலும் கீழும் அசையும் மெஷின் கைகளின் மூட்டு.

இது நான் பட்டுத் தெரிந்துகொண்டது. பல வருடம் முன்பு ஒரு பழைய மெஷின் வாங்கினேன். சத்தமே இல்லாமல் ஓடியது. வீட்டுக்கு வந்து பலகையை வைத்தால், இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை பிளேடு நழுவி வெளியே வந்தது. முன்பு வைத்திருந்தவர் கையால் முறுக்க வேண்டிய திருகைக் குறடு போட்டு முறுக்கி, மரையைத் தின்றுவிட்டிருந்தார். விற்றவர் பிளேடு மாட்டாமலே ஓட்டிக் காட்டியிருக்கிறார், நானும் தலையாட்டியிருக்கிறேன்!

ஆகவே சாவக்காடு போகும்போது ஒரு புது பிளேடு, 12 மி.மீ. பிளைவுட் துண்டு, சின்னக் கட்டை மூன்றையும் எடுத்துக்கொண்டு போங்கள்.

பிளேடு என்றதும் ஒரு முக்கியமான விஷயம். இந்த மெஷின்களில் இரண்டு ஜாதி உண்டு. ஒன்று, இரு முனையிலும் குறுக்காகச் சின்ன ஊசி உள்ள பிளேடைத்தான் ஏற்கும். இன்னொன்று முனையில் ஊசி இல்லாத வெறும் பிளேடை இறுக்கிப் பிடிக்கும். மற்ற வேலைக்கு எதுவானாலும் சரி, உங்கள் வேலைக்கு இதுதான் தலையெழுத்து. ‘ட’, ‘ப’ வெட்ட ஓட்டை போட வேண்டியதில்லை. ‘இ’, ‘ண’ என்று வந்தால் உள்சுழியை எடுக்க ஓட்டை போட்டு, அதற்குள் பிளேடை நுழைத்துத்தான் வெட்ட முடியும். மலையாள எழுத்துகளில் சுழிக்குப் பஞ்சமே இல்லை. ஊசி வைத்த பிளேடு நுழைய 5, 6 மி.மீ. ஓட்டை வேண்டும், இரண்டு இஞ்ச் எழுத்தில் அந்த ஓட்டையே சுழியைத் தின்றுவிடும். வெறும் பிளேடு 3ஆம் நம்பராக (நம்பர் குறைந்தால் பிளேடு மெல்லியது) இருந்தால் 1.5 மி.மீ. ஓட்டை போதும். ஊசி பிளேடு மட்டும் ஏற்கும் மெஷின் என்றால், 5,000 ரூபாய்க்குக் கொடுத்தாலும் உங்களுக்கு வேண்டாம். இரண்டும் ஏற்பவை உண்டு, கேட்டுப் பாருங்கள்.

சரி, மெஷின் முன்னால் நிற்கிறீர்கள். முதலில் பெயர்த் தகட்டைப் படியுங்கள். துபாய், கத்தார், ஓமன் என்றால் பெரும்பாலும் 220–240 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். நம் வீட்டுக்கு ஒத்துப்போகும். சவூதியில் பல வருடம் 127 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் இருந்தது. தகட்டில் 110, 120, 127 என்று எது இருந்தாலும் டிரான்ஸ்ஃபார்மர் தேட வேண்டிவரும்; அந்தத் தொல்லை வேண்டாம் என்பேன். சதுரக் கால் பிளக் இருந்தால் அடாப்டர் போட்டுச் சமாளிக்காமல் நம்மூர் மூன்று பின் பிளக் மாட்டி, எர்த் வருகிறதா என்று எலக்ட்ரீஷியனிடம் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, பிளக்கைப் பிடுங்கிவிட்டு மேல்கையின் நுனியைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டுங்கள். லேசாக வளைந்துகொடுத்தால் பரவாயில்லை. ‘டக் டக்’ என்று மூட்டில் சத்தம் வந்தால் புஷ்ஷோ (தண்டைத் தாங்கும் உலோக வளையம்) பேரிங்கோ தேய்ந்துவிட்டது. அதற்காக ஓடிவந்துவிட வேண்டாம், விலையைக் குறையுங்கள். தேய்ந்தது பேரிங் என்றால் அதன் மேலுள்ள நம்பரைச் சொல்லிக் கடையில் வாங்கிவிடலாம். புஷ் என்றால் பொள்ளாச்சியிலோ கோவையிலோ லேத் பட்டறையில் கன்மெட்டலில் (ஒருவகை வெண்கலம்) கடைந்து கொடுப்பார்கள். பழைய புஷ்ஷையும் அதற்குள் இருக்கும் தண்டையும் சேர்த்துக் கொடுத்தால்தான் அளவு சரியாக வரும். கையே விரிசல் விட்டிருந்தால் மட்டும் பேச்சை முடித்துவிட்டுக் கிளம்புங்கள்.

பிறகு பிளேடை மாட்டி இறுக்கி, வீணைத் தந்தி போலச் சுண்டிப் பாருங்கள். ‘டிங்’ என்று கேட்க வேண்டும். ‘தொப்’ என்றால் இழுவிசை போதவில்லை. விரலால் தள்ளினால் 3 மி.மீ.க்கு மேல் நகரக் கூடாது. பிளைவுட் துண்டைப் பத்து நிமிடம் வெட்டியும் பிளேடு நழுவவில்லை என்றால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. நழுவினாலும் உடனே கைவிட வேண்டியதில்லை. சில சமயம் கிளாம்ப் முகம் வழவழப்பாகிப் போயிருக்கும். 220 நம்பர் உப்புத்தாளால் நான்கு தேய்ப்பு, பிளேடு முனையில் உள்ள எண்ணெயைத் தின்னரால் ஒரு துடைப்பு, அவ்வளவுதான். மரை போயிருந்தால் லேத் காரரிடம் ஒரு சைஸ் பெரிதாக மரை வெட்டச் சொல்லிப் புதுத் திருகு வைக்கலாம்.

மேசை நேராக இருக்கிறதா என்று பார்க்க, அளவுகோலை நம்பாதீர்கள். கட்டையின் ஓரத்தில் ஒரு சின்ன வெட்டு போட்டு, மெஷினை நிறுத்தி, அதே கட்டையைப் பிளேடின் பின்பக்கம் கொண்டுபோய்த் திருப்பி வையுங்கள். பிளேடு அதே வெட்டுக்குள் தானாக நுழைந்தால் மேசை 90 டிகிரி. நுழையாவிட்டால் மேசையின் சாய்வைச் சரிசெய்யலாம். அது குறை அல்ல.

சாவக்காடு கடலோரம், மெஷினும் மூன்று வருடம் சும்மா கிடந்திருக்கிறது. வார்ப்பிரும்பு மேசை என்றால் துரு நிச்சயம். மண்ணெண்ணெயும் 400 நம்பர் எமரித் தாளும் போட்டுத் தேய்த்து, மெழுகு பாலிஷ் பூசினால் போதும். உங்கள் கிழக்குச் சித்தூர் வறண்ட பக்கம்தான், திரும்ப அவ்வளவு வேகமாக வராது. மூட்டுகளில் எண்ணெய் உறைந்து பிசினாகியிருக்கும். திறந்து துடைத்து, எண்ணெய் விடும் புஷ் என்றால் மெஷினைப் பக்கவாட்டில் படுக்கவைத்து 20 கிரேடு மெஷின் ஆயில் சில சொட்டு விட்டு ஒரு ராத்திரி விடுங்கள், மறுநாள் மறுபக்கம். பிறகு 50 மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை போதும். தையல் மெஷின் எண்ணெய் சீக்கிரம் வழிந்துவிடும். தேங்காய் எண்ணெய் வேண்டவே வேண்டாம். 24 டிகிரிக்குக் கீழே போனால் கட்டியாகிவிடும், நாள்பட்டால் பசை. நம் பக்கம் கதவுக் கீல் முதல் சைக்கிள் வரை அதுதான் மருந்து என்பதால் சொல்கிறேன்.

வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் குமிழ் உள்ள மெஷின்களில் பெரும்பாலும் கார்பன் பிரஷ் இருக்கும். 6 மி.மீ.க்குக் கீழே தேய்ந்திருந்தால் மாற்றிவிடுங்கள், வைண்டிங் கடைகளில் தேய்த்துப் பொருத்தித் தருவார்கள். குமிழைத் திருப்பியும் வேகம் மாறவில்லை என்றால் உள்ளே இருக்கும் போர்டு போயிருக்கலாம். அதற்கு உதிரி கிடைப்பது குதிரைக்கொம்பு. விலையைப் பாதியாக்கினால் ஒழிய வாங்காதீர்கள். தூசி ஊதும் ரப்பர் துருத்தி கிழிந்திருந்தால் கவலையில்லை. மீன் தொட்டிக்கு வைக்கும் காற்று மோட்டாரில் டியூபைச் செருகிவிட்டால் அதைவிட நன்றாக ஊதும்.

ஓடும்போது மெஷின் அதிர்ந்து ஆடுவதற்குப் பயப்படாதீர்கள். எல்லா ஸ்க்ரோல் ஸாவும் ஆடும். கனமான மேசையில் ரப்பர் துண்டு வைத்து போல்ட் போட்டு இறுக்குங்கள். பிறகும் ஆடினால் வேகத்தைச் சற்றே மாற்றிப் பாருங்கள், ஏதோ ஒரு இடத்தில் அடங்கும்.

எல்லாம் சரியாக இருந்தால் 9,000 கொடுக்கலாம். மூட்டு ஆடினால் 6,000 சொல்லிப் பாருங்கள். லேத், பேரிங், போக்குவரத்துச் செலவு எல்லாம் உங்கள் தலையில்தானே. பிளேடு வாங்க ஆன்லைனில் காத்திருக்கும் நாட்களில் ஒரு மாற்றுவழி: கோவை ராஜ வீதிப் பக்கம் நகைப் பட்டறைச் சாமான் கடைகளில் கிடைக்கும் வாள் பிளேடும் 130 மி.மீ. நீளம்தான், வெறும் பிளேடு கிளாம்பில் உட்காரும். ஆனால் அது உலோகத்துக்கானது. மரத்தில் தூசி அடைத்து மெதுவாகத்தான் போகும், கருகவும் செய்யும். 12 மி.மீ. பலகைக்கு 5ஆம் நம்பர், சுழிகளுக்கு 3ஆம் நம்பர் மர பிளேடு வாங்கிவையுங்கள். தேக்கில் மணல்சத்து உண்டு, பிளேடு சீக்கிரம் மழுங்கும். எழுத்துகளுக்கு ரப்பர் மரமோ பிளைவுட்டோ போதும்.

கடைசியாக, கைச்சட்டத்திலிருந்து மாறும் எல்லோரும் முதல் வாரம் கேட்பது: “பலகையை நேராகத் தள்ளுகிறேன், வெட்டு வலப்பக்கம் ஓடுகிறதே, மெஷின் கோணலா?” இல்லை. பிளேடில் பல் வெட்டும்போது ஒரு பக்கம் பிசிறு நிற்கும். அந்தப் பக்கம் கூராக வெட்டும், அதனால் பெரும்பாலான பிளேடுகள் சில டிகிரி வலப்பக்கம் இழுக்கும். பலகையைச் சற்றே திருப்பிப் பிடித்துத் தள்ளுங்கள், நாலைந்து எழுத்துக்குள் கை பழகிவிடும்.