போரில் இடிந்த தேவாலயத்தை ஏன் பழையபடியே கட்டவில்லை?

பிரான்சின் லெ ஆவ்ர் நகரில் 1944 செப்டம்பர் குண்டுவீச்சில் அழிந்த புனித சூசையப்பர் பங்குக் கோயிலைப் பழைய வடிவில் கட்டாமல் ஏன் கான்கிரீட்டில் எழுப்பினார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள்.

காரைக்குடிக்காரனான எனக்கு இது நெருக்கமான கேள்வி. பர்மாத் தேக்கும் தேர்ந்த கொத்தனார்களும் இல்லாமல் எங்கள் பழைய வீடு ஒன்றை இன்று அப்படியே கட்டிவிட முடியாது. அங்கே நகரின் நடுப்பகுதியே தரைமட்டமாகியிருந்தது. ஆயிரக்கணக்கானோர் வீடிழந்து நின்றார்கள். கான்கிரீட்தான் கைகொடுத்தது. வடிவமைத்த ஒகுஸ்ட் பெரே அதில் கைதேர்ந்த முன்னோடி. அவர் 1954இல் இறந்துவிட்டார்; கோயில் 1957இல்தான் முடிந்தது.

வெளியிலிருந்து பார்த்தால் சாம்பல் நிறக் கலங்கரை விளக்கம் போலத்தான் இருக்கும். அழகெல்லாம் உள்ளே. 107 மீட்டர் உயர எண்கோணக் கோபுரத்தில் 12,768 வண்ணக் கண்ணாடிகள்! கண்ணாடிக் கலைஞர் மார்கரித் யூரே திசைக்கேற்ப நிறங்களைத் தேர்ந்தெடுத்தார். ஜன்னல் கண்ணாடி வழியே இறங்கும் வெயில் ஆத்தங்குடிக் கல்லில் சிவப்பும் பச்சையுமாக ஊர்ந்து போவதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதன் அருமை உடனே புரியும்.

குண்டுவீச்சில் மாண்டவர்களின் நினைவுச் சின்னமும் அதுவே. பழையதை நகலெடுத்திருந்தால் அங்கே எதுவுமே நடக்காதது போல் ஆகியிருக்கும். எனக்கு அது சரியாகப் படவில்லை.