காபிக்கடைச் சுவரில் ருஸ்தம்

கேள்வி: ஈரானின் காபிக்கடை ஓவியங்கள் சிலவற்றைப் பார்த்தேன். ஆட்களின் அளவு பொருந்தவில்லை. தொலைவும் நிழலும் சரியாக இல்லை. முறையாகப் படிக்காதவர்கள் வரைந்த இவற்றை அருங்காட்சியகத்தில் வைத்துக் கொண்டாடுவது ஏன்?

பதில்: முறையாகப் படிக்காதவர்கள் என்பதை முதலில் மறுக்கிறேன். இம்மரபின் முதல்வராகக் கருதப்படும் ஹுசைன் குல்லர் அகாசி, ஓடுகளில் சித்திரம் தீட்டிவந்த தம் தந்தையிடம் தொழில் பழகியவர். அவருக்கு இணையாகப் போற்றப்படும் முகம்மது முதப்பிரும் அதே பட்டறையில் வளர்ந்தவர். ஐரோப்பிய பாணி ஓவியத்தைக் கற்பிக்க 1911இல் ஓவியர் கமாலுல் முல்க் தொடங்கிய பள்ளி தெஹ்ரானில் இருந்த காலத்தில்தான், இவர்கள் எதிரே ஆளை நிறுத்தி வரையாமல், காபிக்கடைகளில் கதைசொல்லியிடம் கேட்டதை மனத்தில் கண்டு, துணியில் எண்ணெய் வண்ணத்தால் தீட்டினார்கள். தங்கள் கலையைக் கற்பனை ஓவியம் என்றே அழைத்தார்கள்.

நீங்கள் பிழை என்று கருதும் அளவு வேறுபாடு கதைக்காகச் செய்யப்பட்டது. நபிகளின் பேரர் ஹுசைன் வீழ்ந்த கர்பலாப் போரைத் தீட்டிய திரைகளில், குதிரைமேல் அமர்ந்து எதிரியை வெட்டி வீழ்த்தும் வீரர் நடுவில் பேருருவாக நிற்பார். முன்னும் பின்னும் நடந்த நிகழ்ச்சிகள் சிறு சிறு காட்சிகளாக அவரைச் சூழ்ந்திருக்கும். கதைசொல்லி கோலால் ஒவ்வொன்றாகச் சுட்டிக்காட்டிச் சொல்லிச் செல்லும்போது, கூட்டத்தின் கடைசியில் நிற்பவருக்கும் யார் யாரென்று தெரியவேண்டும் அல்லவா? அதற்காகவே நல்லவரின் முகம் ஒளியோடும் கொடியவரின் முகம் கோரமாகவும் அமைந்தன. எழுத்தறிந்தோருக்காக உருவத்தின் அருகிலேயே பெயரையும் எழுதிவைத்தார்கள்.

ஃபிர்தௌசியின் பாரசீகக் காவியமான ஷாநாமாவில், தன் கையால் குத்துண்ட இளைஞனின் புயத்தில் தான் முன்பு கொடுத்துவிட்டு வந்த மணியைக் கண்ட பிறகே, அவன் தன் மகன் சொஹ்ராப் என்று மாவீரன் ருஸ்தம் அறிகிறான். ஓவியத்தில் இரட்டைப் பிரிவாகத் தொங்கும் தாடியோடு, மகனின் தலையை மடியில் ஏந்திக் கதறும் அந்தத் தகப்பனை ஒருமுறை நிதானமாகப் பாருங்கள். அங்கே நிழல் எந்தப் பக்கம் விழுகிறது என்ற கேள்வி எழ இடமே இல்லை.

இவ்விரு ஓவியர்களும் 1960களில் மறைந்தார்கள். படங்களை அருங்காட்சியகங்கள் காத்துவிட்டன; அவற்றுக்குக் குரல் கொடுத்த நக்காலி என்னும் கதைசொல்லல்தான் நலிந்து, 2011இல் யுனெஸ்கோவின் உடனடிப் பாதுகாப்பு தேவைப்படும் மரபுகளின் பட்டியலில் இடம்பெற்றது. நீங்கள் பார்த்தது, சொல்ல ஆளில்லாமல் சுவரில் தனியே தொங்கும் பாதிக் கலையை.