‘முதலில் நாமே விசாரிப்போம்’

அன்புள்ள ஆசிரியருக்கு,

குழந்தைகளுக்கு நீச்சல் கற்றுத்தரும் ஒரு சங்கத்தின் நிர்வாகக் குழுவில் இருக்கிறேன். ஒரு தாய் வந்து, பதினைந்து ஆண்டுகளாக எங்களிடம் இருக்கும் பயிற்சியாளர் ஒருவர் தன் மகளிடம் தவறாக நடந்துகொண்டதாகச் சொன்னார். மகளுக்கு 13 வயது. ‘முதலில் நாமே விசாரிப்போம், உண்மை என்று தெரிந்தால் மேலே போகலாம்’ என்கிறார் தலைவர். சத்தமில்லாமல் ராஜினாமா வாங்கிக்கொண்டு அனுப்பிவிடலாம், பெண்ணின் பெயரும் வெளியே வராது, சங்கத்தின் பெயரும் கெடாது என்கிறார் இன்னொருவர். எனக்கு இரண்டுமே சரியாகப் படவில்லை. ஆனால் பொய்ப் புகாராக இருந்தால் ஒருவரின் வாழ்க்கையே போய்விடுமே என்ற பயமும் இருக்கிறது. பயிற்சியாளர் வழக்கம்போல வந்துகொண்டிருக்கிறார். அந்தப் பெண் இரண்டு வாரமாக வரவில்லை.

(பெயர் நீக்கப்பட்டுள்ளது)

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தவுடனே தனியாக இரண்டு வரி பதில் அனுப்பினேன். இன்றே காவல்துறையிடம் சொல்லுங்கள், பயிற்சியாளரைக் குழந்தைகள் பக்கம் விடாதீர்கள் என்று. அதற்கான காரணங்களை இங்கே எழுதுகிறேன். இதே இடத்தில் தவித்துக்கொண்டு வேறு பலரும் இருப்பார்கள்.

‘நாமே விசாரிப்போம்’ என்று சொல்பவர்கள் கெட்டவர்கள் அல்ல. பெரும்பாலும் நேர்மையாகத்தான் சொல்கிறார்கள். ஆனால் விசாரிக்கப்போவது யார்? அவரோடு பதினைந்து ஆண்டுகள் பழகியவர்கள். அவர் வீட்டு விசேஷங்களுக்குப் போய் வந்தவர்கள். அந்தப் பெண்ணை வருகைப் பதிவேட்டில் ஒரு பெயராக மட்டுமே தெரிந்தவர்கள். புகார் உண்மை என்றால், ‘இத்தனை நாள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள்’ என்ற கேள்விக்கு அவர்களும் பதில் சொல்லியாக வேண்டும். உண்மை வெளியே வந்தால் யாருக்கு நஷ்டமோ அவர்களிடமே தீர்ப்பை ஒப்படைக்கிறோம்.

அமெரிக்காவின் லாரி நாசர் வழக்கை எடுத்துக்கொள்ளுங்கள். மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் மருத்துவராகவும், தேசிய ஜிம்னாஸ்டிக்ஸ் அணியின் மருத்துவராகவும் இருந்தவர். 2014இல் ஒரு பெண், சிகிச்சை என்ற பெயரில் தன்னிடம் பாலியல் ரீதியாக அத்துமீறியதாக அவர் மீது பல்கலைக்கழகத்திடம் புகார் கொடுத்தார். பல்கலைக்கழகமே விசாரித்தது. அது கருத்துக் கேட்ட நிபுணர்கள் நாசரை அறிந்த, அதே பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள். நடந்தது மருத்துவ சிகிச்சைதான் என்று முடிவானது. அவர் திரும்பவும் நோயாளிகளைப் பார்க்கத் தொடங்கினார். அடுத்த ஆண்டு தேசிய ஜிம்னாஸ்டிக்ஸ் அமைப்புக்கும் புகார் போனது. அவர்களும் முதலில் தாங்களே ஆள் வைத்து விசாரித்துவிட்டு, ஐந்து வாரம் கழித்துத்தான் எஃப்பிஐயிடம் போனார்கள். எஃப்பிஐயின் இண்டியானாபொலிஸ் அலுவலகம் அதை உரிய தீவிரத்தோடு கையாளவில்லை என்று அந்நாட்டு நீதித்துறையின் தலைமை ஆய்வாளரே 2021இல் அறிக்கை வெளியிட்டார். 2016இல், நாசரால் பாதிக்கப்பட்ட முன்னாள் ஜிம்னாஸ்டிக்ஸ் வீராங்கனை ரேச்சல் டென்ஹோலண்டர் தன் பெயரோடு ஒரு செய்தித்தாளிடம் பேசிய பிறகுதான் எல்லாம் வெளியே வந்தது. 2018 ஜனவரியில் ஒரே நீதிமன்றத்தில் 150க்கும் மேற்பட்டவர்கள் எழுந்து நின்று தங்களுக்கு நடந்ததைச் சொன்னார்கள். 2014 விசாரணைக்குப் பிறகு அவரிடம் சிகிச்சைக்குப் போன சிறுமிகளும் அவர்களில் உண்டு. அந்த ஒரு விஷயம்தான் என்னை விடுவதே இல்லை.

இதில் உங்களுக்கு இன்னொரு பாடமும் இருக்கிறது. காவல்துறையிடம் சொன்னதோடு உங்கள் வேலை முடிந்துவிடாது. எழுத்தில் கொடுங்கள், ரசீது வாங்குங்கள், அடுத்த வாரம் போய் என்ன ஆயிற்று என்று கேளுங்கள்.

சரி, ராஜினாமா யோசனைக்கு வருவோம். நான் படித்த பள்ளியில் ஓர் ஆசிரியர் இருந்தார். யாரும் அவரிடம் தனியாக மாட்டிக்கொள்ளக் கூடாது என்று பையன்களுக்குள் பேசிக்கொள்வோம். ஒருநாள் அவர் இல்லை. ‘மாற்றலாகிவிட்டார்’ என்றார்கள். எங்களுக்கு எவ்வளவு நிம்மதி! அவர் போன இடத்திலும் எங்களைப் போலப் பையன்கள் இருப்பார்கள் என்று எனக்கு உறைத்தது பல ஆண்டுகள் கழித்து. பெரியவர்களுக்கு அது அன்றைக்கே தெரிந்திருக்க வேண்டும். அமெரிக்காவின் பாஸ்டன் கத்தோலிக்க மறைமாவட்டம், குழந்தைகளிடம் அத்துமீறிய பாதிரியார்களை ஒரு தேவாலயத்திலிருந்து இன்னொரு தேவாலயத்துக்கு மாற்றிக்கொண்டே இருந்தது 2002இல் அம்பலமானபோது, எனக்கு நினைவு வந்தது அந்த ‘மாற்றல்’ என்ற சொல்தான். அமெரிக்கப் பள்ளி வட்டாரங்களில் இதைக் ‘குப்பையைக் கைமாற்றுவது’ என்கிறார்கள். சிறாரிடம் பாலியல் அத்துமீறல் செய்தவர் என்று தெரிந்தே ஒருவருக்கு வேறு பள்ளியில் வேலை கிடைக்க உதவக் கூடாது என்று 2015இல் சட்டமே கொண்டுவர வேண்டியிருந்தது. நீங்கள் கொடுக்கப்போகும் அனுபவச் சான்றிதழ்தான் அவருக்கு அடுத்த நீச்சல் குளத்தின் கதவைத் திறக்கும்.

பெண்ணின் பெயர் வெளியே வந்துவிடுமே என்ற கவலை நியாயமானது. அதற்கு வழி ரகசியமாக முடித்துக்கொள்வது அல்ல. இந்தியாவின் போக்சோ சட்டம் போன்றவை குழந்தையின் அடையாளத்தை ஊடகங்கள் வெளியிடுவதைத் தடை செய்கின்றன. அதே சட்டத்தின் 19ஆம் பிரிவின்படி, குற்றம் நடந்திருப்பது தெரிந்தால் காவல்துறையிடம் சொல்லியே ஆக வேண்டும். சொல்லாமல் மறைக்கும் நிறுவனப் பொறுப்பாளருக்குச் சிறைத்தண்டனை உண்டு. உங்கள் தலைவரிடம் இதைச் சொல்லுங்கள்.

அப்புறம், பொய்ப் புகார் பற்றிய உங்கள் பயம். அதை நான் தள்ளிவிட மாட்டேன். ஆனால் விசாரணை முடியும்வரை ஒருவரைக் குழந்தைகளிடமிருந்து விலக்கி வைப்பது தண்டனை ஆகாது. சம்பளத்தோடு விடுப்பு கொடுங்கள். கட்டாயம் தெரிந்திருக்க வேண்டிய நான்கு பேர் தவிர யாரிடமும் இதைப் பற்றிப் பேசாதீர்கள். அவர் நிரபராதி என்றால், நண்பர்கள் கூடி ‘ஒன்றும் நடக்கவில்லை’ என்று சொன்னதை ஊரில் யார் நம்புவார்கள்? சந்தேகம் காலமெல்லாம் அவர் கூடவே வரும். முறையான, வெளியிலிருந்து வரும் விசாரணைதான் அவருக்கும் பாதுகாப்பு.

இன்னொன்று. அந்தப் பெண்ணைக் கூட்டத்துக்கு அழைத்து உட்கார வைத்துக் கேள்வி கேட்காதீர்கள். ஆளாளுக்குக் கேட்கக் கேட்க அவள் சொல்லும் வார்த்தைகள் மாறும். பிறகு அந்த மாற்றத்தையே அவளுக்கு எதிராகக் காட்டுவார்கள். பயிற்சியாளரை எதிரில் வைத்துப் பேசச் சொல்வது அதைவிடக் கொடுமை. தாய் உங்களிடம் சொன்னதை அவர் சொன்ன வார்த்தைகளிலேயே, தேதியும் நேரமும் போட்டு எழுதி வையுங்கள். அது போதும். மற்றதெல்லாம் பயிற்சி பெற்றவர்களின் வேலை.

நிறுவனங்களில் குழந்தைகளுக்கு நேர்ந்த பாலியல் கொடுமைகளை ஆஸ்திரேலியாவின் ராயல் கமிஷன் 2013 முதல் 2017 வரை விசாரித்தது. எட்டாயிரத்துக்கும் அதிகமானவர்கள் தனி அமர்வுகளில் வந்து பேசினார்கள். தங்களுக்கு நடந்ததை ஒருவரிடம் சொல்ல அவர்களுக்குச் சராசரியாக 23.9 ஆண்டுகள் ஆகியிருந்தன. உங்கள் சங்கத்துப் பெண் 13 வயதிலேயே தன் அம்மாவிடம் சொல்லியிருக்கிறாள். அம்மா நம்பியிருக்கிறார். நம்பி உங்களிடம் வந்திருக்கிறார்.

உங்கள் கடிதத்தின் கடைசி இரண்டு வரிகளைத் திரும்பத் திரும்பப் படித்தேன். அவர் வருகிறார், அவள் வரவில்லை. நாளைக் காலைப் பயிற்சிக்கு முன்னால் அது தலைகீழாக மாற வேண்டும். குழு கூடும்வரை காத்திருக்காதீர்கள். புகாரைக் கொடுத்துவிட்டு, அந்த அம்மாவிடம் நேரில் போய்ச் சொல்லிவிட்டு வாருங்கள்.

அன்புடன்.