கூட்டாளிக்குத் தெரியாமல்

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். குழந்தைகளுக்கான மர விளையாட்டுப் பொருட்கள் செய்யும் சிறிய தொழில் ஒன்றை நடத்துகிறேன். ஆறு பேர் வேலை செய்கிறார்கள். பொருளைச் செய்யத் தெரிந்த அளவுக்கு எனக்கு விற்கத் தெரியவில்லை. என் கல்லூரி நண்பர் பள்ளிகளுக்குப் பொருட்கள் சப்ளை செய்கிறார். நான் செய்து தர, அவர் விற்க, இருவரும் கூட்டாக ஒரு முயற்சி தொடங்கலாம் என்று பேசி வருகிறோம். லாபத்தைச் சரிபாதியாகப் பிரிப்பதா, முதலீடு என்னுடையது அதிகம் என்பதால் 60:40 கேட்பதா? தனிக் கம்பெனி பதிவு செய்ய வேண்டுமா, ஒப்பந்தம் போதுமா? பதினைந்து வருட நட்பு என்பதால் நிறைய எழுதிக்கொள்ள வேண்டாம் என்கிறார். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. இதற்கிடையில் வேறொரு விநியோகஸ்தரும் என்னோடு பேசிக்கொண்டிருக்கிறார். எதுவும் உறுதியாகாததால் நண்பரிடம் இன்னும் சொல்லவில்லை. நல்லபடியாகத் திட்டமிட வழி சொல்லுங்கள்.

(பெயர் தவிர்க்கப்பட்டுள்ளது)

அன்புள்ள தம்பி,

கூட்டுத் தொழிலில் ஒருவர் மற்றவருக்கு எதையெல்லாம் சொல்லக் கடமைப்பட்டவர் என்பது பற்றிய பழைய தீர்ப்பு ஒன்றைச் சில நாட்களாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். அந்த நேரத்தில் உங்கள் கடிதம் வந்தது. நீங்கள் கேட்ட கேள்விகளைவிட, போகிற போக்கில் எழுதிய அந்தக் கடைசிச் செய்திதான் என்னைப் பதில் எழுத உட்கார வைத்தது.

கேள்விகளை முதலில் முடித்துவிடுகிறேன். கம்பெனியா ஒப்பந்தமா என்பதற்கு ஒரு நல்ல ஆடிட்டர் அரை மணி நேரத்தில் பதில் சொல்லிவிடுவார். எவ்வளவு கடன் வாங்கப் போகிறீர்கள், எத்தனை காலம் சேர்ந்திருக்கப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது அது. ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள். எதையும் பதிவு செய்யாமல், எதையும் எழுதாமல் இருவர் சேர்ந்து லாப நோக்கில் தொழில் செய்தால், ஆங்கிலச் சட்ட மரபைப் பின்பற்றும் நாடுகளில் அது பெரும்பாலும் கூட்டாண்மையாகவே பார்க்கப்படும். தொழிலுக்காக அவர் வாங்கிய கடன் முழுவதையும் உங்களிடமே வசூலிக்க வழி உண்டு. நிறைய எழுத வேண்டாம் என்று சொல்லும் நண்பருக்கும் இதே ஆபத்து இருக்கிறது. அவரிடமும் சொல்லுங்கள்.

அடுத்தது விகிதம். சரிபாதிக் கூட்டு நிலைக்காது என்று பலர் பயமுறுத்துவார்கள். டோவ் கெமிக்கலும் கார்னிங் கண்ணாடி நிறுவனமும் 1943-ல் சரிபாதியாகச் சேர்ந்து தொடங்கிய டோவ் கார்னிங், 2016 வரை இரண்டு பேருக்கும் பொதுவாகவே இருந்தது. எழுபது வருடத்துக்கு மேல். மாறாக, பிரெஞ்சு நிறுவனமான டனோன் சீனாவின் வஹாஹாவோடு 1996-ல் தொடங்கிய கூட்டில் டனோனின் கைக்கு 51 சதவீதம் வந்தது. பெரும்பான்மை அவர்களுடையது. ஆனால் அன்றாட நிர்வாகம் வஹாஹாவின் தலைவரிடம் இருந்தது. அதே பெயரில் அதே பொருட்களைக் கூட்டுக்கு வெளியே அவருடைய வேறு கம்பெனிகள் தயாரித்து விற்கின்றன என்று 2007-ல் டனோன் வெளிப்படையாகக் குற்றம் சாட்டியது. அவர் மறுத்தார். பல நாடுகளில் வழக்குகள் நடந்தன. 2009-ல் டனோன் தன் 51 சதவீதத்தையும் விற்றுவிட்டு வெளியேறியது. கையில் பெரும்பான்மை இருந்தும், உள்ளே நடப்பது தெரியாதவருக்கு அந்தப் பெரும்பான்மை உதவவில்லை. நீங்கள் பத்து சதவீதத்துக்காகத் தூக்கம் கெடுத்துக்கொள்வது எனக்குப் புரிகிறது. ஆனால் அது உங்களைக் காப்பாற்றும் என்று நம்பாதீர்கள்.

இப்போது அந்தத் தீர்ப்புக்கு வருகிறேன். 1902-ல் நியூயார்க்கில், ஐந்தாவது அவென்யூவும் 42-வது தெருவும் சந்திக்கும் முனையில் இருந்த பிரிஸ்டல் ஓட்டலை வால்டர் சால்மன் என்பவர் 20 வருடக் குத்தகைக்கு எடுத்தார். அதைக் கடைகளாகவும் அலுவலகங்களாகவும் மாற்ற 2 லட்சம் டாலர் தேவைப்பட்டது. மார்டன் மைன்ஹார்ட் என்பவர் பாதிப் பணம் போட முன்வந்தார். முதல் ஐந்து வருடம் லாபத்தில் 40 சதவீதமும் அதன் பிறகு 50 சதவீதமும் மைன்ஹார்ட்டுக்கு என்று ஒப்பந்தம். நஷ்டம் வந்தால் ஆளுக்குப் பாதி. நிர்வாகம் முழுக்க சால்மன் கையில். பாருங்கள், விகிதத்தை எவ்வளவு நுணுக்கமாகப் பேசி முடித்திருக்கிறார்கள்! இருபது வருடமும் அந்தக் கணக்கில் பெரிய சண்டை வரவில்லை.

1922 ஏப்ரலில் குத்தகை முடிய வேண்டும். அந்த ஜனவரியில் இடத்தின் உரிமையாளர், அக்கம்பக்க நிலங்களையும் சேர்த்து மிகப் பெரிய புதிய குத்தகை ஒன்றைப் பற்றி சால்மனிடம் பேசினார். சால்மன் தன் சொந்தக் கம்பெனியின் பெயரில் கையெழுத்துப் போட்டார். மைன்ஹார்ட்டிடம் மூச்சு விடவில்லை. விஷயம் தெரிந்த மைன்ஹார்ட் வழக்குப் போட, 1928-ல் நியூயார்க் மேல்முறையீட்டு நீதிமன்றம் நான்குக்கு மூன்று என்ற கணக்கில் மைன்ஹார்ட்டுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. எழுதியவர் நீதிபதி பெஞ்சமின் கார்டோசோ.

கார்டோசோ சால்மனை ஏமாற்றுக்காரர் என்று சொல்லவில்லை. கூட்டு முடியப்போகிறது, இனி வருவது என்னுடையது என்று அவர் நல்ல மனதோடேயே நினைத்திருக்கக்கூடும் என்கிறார். அப்படியானால் தப்பு எங்கே? தனக்கு வந்த வாய்ப்பைச் சொல்லாமல் இருந்ததன் மூலம், அதற்குப் போட்டியிடும் சந்தர்ப்பத்தையே கூட்டாளிக்கு இல்லாமல் ஆக்கிவிட்டார். சால்மன் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத் தனியாகவே முயன்றிருந்தால் வழக்கின் முகமே வேறாக இருந்திருக்கும். கூட்டாகத் தொழில் செய்கிறவர்கள் ஒருவருக்கொருவர் காட்ட வேண்டிய நேர்மை, சந்தையில் பொதுவாகப் போதும் என்று நினைக்கப்படும் நேர்மையைவிடக் கடுமையானது என்பது தீர்ப்பின் சாரம். புதிய முயற்சியில் மைன்ஹார்ட்டுக்குப் பாதியைவிட ஒரே ஒரு பங்கு குறைவாகக் கொடுத்து, நிர்வாகப் பிடியை சால்மனிடமே விட்டார்கள். மாறுபட்ட மூன்று நீதிபதிகளின் வாதத்துக்கும் எடை உண்டு. கூட்டு ஒரு கட்டடத்துக்கும் ஒரு காலத்துக்கும் மட்டுமானது, அதோடு கடமையும் முடிந்தது என்றார்கள் அவர்கள். ஏழு நீதிபதிகள் பிரிந்து நிற்கும் அளவுக்குச் சிக்கலான கேள்வியை நீங்களும் நண்பரும் நட்பின் பெயரால் எழுதாமல் விடப் போகிறீர்கள்.

இந்த வழக்கைப் படிக்கும்போதெல்லாம் எனக்குப் பெரியப்பா ஞாபகம் வருகிறார். பைண்டிங் பட்டறை வைத்திருந்தார். அச்சகம் வைத்திருந்த நண்பர் ஒருவரோடு சேர்ந்து நோட்டுப் புத்தகம் செய்தார்கள். கோடு போடுவதும் அட்டை அச்சடிப்பதும் அங்கே, தைப்பதும் வெட்டுவதும் இங்கே. எல்லாம் வாய்ப்பேச்சுதான். சீசன் முடிந்ததும் இருவரும் உட்கார்ந்து பைசா பிசகாமல் கணக்கு முடிப்பார்கள். பெரியம்மா ஒரு தடவைகூட அந்தக் கணக்கில் குறை சொன்னதில்லை.

ஒரு வருடம், பெரிய ஆர்டர் தருகிற ஒருவர் நேராக அச்சகத்துக்குப் போனார். எல்லா வேலையும் ஒரே கூரையின் கீழ் நடந்தால் இரண்டு மடங்கு தருகிறேன் என்றிருக்கிறார். நண்பர் தையல் மெஷினும் கட்டிங் மெஷினும் வாங்கிவிட்டார். பெரியப்பாவுக்கு அது மெஷின் பழுதுபார்க்கிறவர் மூலம்தான் தெரிந்தது. "என்னண்ணே, அங்க புதுசு இறக்கியிருக்காரு, உங்ககிட்ட சொல்லலையா?" என்று அவர் சாதாரணமாகக் கேட்டபோது நானும் பட்டறையில் இருந்தேன். பெரியப்பா அதற்குள் அடுத்த சீசனுக்கு அட்டையும் நூலும் கடனுக்கு வாங்கிப் போட்டிருந்தார். மடிக்கிற வேலைக்குப் புதிய ஆட்களுக்கு அட்வான்ஸ் கொடுத்திருந்தார்.

ஆர்டர் போனதற்காக அவர் வருந்தி நான் பார்க்கவில்லை. "அவன் பிழைப்பை அவன் பார்த்தான், தப்பில்ல. ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் இந்த அட்டையை வாங்கியிருக்க மாட்டேனே" என்பதைத்தான் பல வருடம் சொல்லிக்கொண்டிருந்தார். சொல்லாமல் விடுகிறவர் கூட்டாளியின் பணத்தில் கை வைப்பதில்லை. கூட்டாளி சுதாரித்துக்கொள்ள வேண்டிய காலத்தை எடுத்துக்கொண்டுவிடுகிறார். தெரிந்திருந்தால் பெரியப்பா வேறு அச்சகங்களைத் தேடியிருப்பார். கணக்குப் புத்தகம், டைரி என்று வேறு வேலைக்குத் திரும்பியிருப்பார். அதற்கு அவருக்குச் சில மாதங்கள் தேவைப்பட்டன. அந்த மாதங்களில் நண்பர் தினமும் வந்து அவரோடு பேசிக்கொண்டுதான் இருந்தார்.

இப்போது உங்கள் விஷயம். எதுவும் உறுதியாகவில்லை, அதனால் சொல்லவில்லை என்கிறீர்கள். உறுதியான பிறகு சொல்வதற்குப் பெயர் தகவல் கொடுப்பது இல்லை, முடிவை அறிவிப்பது. நண்பர் உங்களை நம்பி இன்றைக்கு யாரிடமாவது வாக்குக் கொடுத்துக்கொண்டிருப்பார். பள்ளிகளுக்கு மாதிரிகளைக் காட்டிக்கொண்டிருப்பார். ஒரு ஆளை வேலைக்குச் சேர்க்கலாமா என்று யோசித்துக்கொண்டிருப்பார். இன்னும் கையெழுத்தே போடவில்லையே, எனக்கென்ன கடமை என்று நீங்கள் கேட்கலாம். சட்டத்தில் அதற்கு இடம் இருக்கலாம். பதினைந்து வருட நட்பு என்று எழுதிய அதே கையால் அந்தக் கேள்வியைக் கேட்காதீர்கள். எழுதிக்கொள்ள வேண்டாம் என்பதற்கு மட்டும் நட்பு, மறைப்பதற்குத் தொழில் என்றால் எப்படித் தம்பி?

ஒப்பந்தத்தில் என்ன இருக்க வேண்டும் என்று கேட்டால், லாபப் பங்கீட்டுக்கு முன்னால் இதை எழுதுங்கள் என்பேன். கூட்டில் எந்தப் பொருள், எந்த வாடிக்கையாளர்கள் சேர்த்தி, எவை வெளியே? வெளியே இருப்பதை அவரவர் சுதந்திரமாகச் செய்யலாம். உள்ளே இருப்பதை மூன்றாம் ஆள் ஒருவர் கேட்டு வந்தால் எத்தனை நாளுக்குள் மற்றவருக்குச் சொல்ல வேண்டும்? ஒரு வாரத்துக்கு மேல் வேண்டாம். கூட்டின் பொருளையோ வரவையோ காட்டிக் கடன் வாங்குவதானால் வாங்குவதற்கு முன்பே சொல்ல வேண்டும். வங்கிக் கணக்கை இருவரும் எப்போது வேண்டுமானாலும் பார்க்க முடிய வேண்டும். நிர்வாகத்தை ஒருவரே பார்த்தால் மாதத்துக்கு ஒரு நாள் இருவரும் சேர்ந்து உட்கார்ந்து, வந்த ஆர்டர்களை மட்டும் இல்லை, வந்து திரும்பிப் போன விசாரணைகளையும் பேச வேண்டும். சால்மன் வழக்கில் சிக்கல் பண்ணிய இடமும் இருக்கிறது. கூட்டு முடியும் காலத்துக்கு எவ்வளவு முன்பிருந்து, முடிந்த பின் எவ்வளவு நாள் வரை இந்தக் கடமை இருக்கும் என்று தேதி போட்டு எழுதுங்கள். உங்கள் வடிவமைப்புகளும் அவருடைய பள்ளிகளின் பட்டியலும் கடைசியில் யாருடையவை என்பதும் அதே பக்கத்தில் வரட்டும்.

இத்தனை எழுதினால் நட்பு கெட்டுவிடும் என்று பயப்படாதீர்கள். ஜெனரல் மோட்டார்ஸும் டொயோட்டாவும் சந்தையில் போட்டியாளர்கள். 1984-ல் கலிபோர்னியாவின் ஃப்ரீமான்டில், முன்பு மூடப்பட்ட தொழிற்சாலையில் சேர்ந்து கார் தயாரித்தார்கள். டொயோட்டாவின் உற்பத்தி முறையைக் கற்க இவர்கள் வந்திருக்கிறார்கள், அமெரிக்கத் தொழிலாளர்களோடு வேலை செய்யப் பழக அவர்கள் வந்திருக்கிறார்கள் என்பது இரண்டு தரப்புக்கும் முதல் நாளே தெரியும். டொயோட்டா கற்றதைக் கொண்டு 1988-ல் கென்டக்கியில் சொந்தத் தொழிற்சாலையில் கார் தயாரிக்கத் தொடங்கியது. அதற்காகக் கூட்டு உடையவில்லை. 2009-ல் ஜெனரல் மோட்டார்ஸ் திவாலாகி விலகும்வரை நடந்தது. நீங்களும் கேளுங்கள். உங்களிடமிருந்து அவர் என்ன கற்றுக்கொள்ளப் போகிறார், ஒரு நாள் அவரே மரப் பட்டறை தொடங்க நினைப்பாரா? அவரிடமிருந்து விற்பனையைக் கற்ற பிறகு நீங்கள் நேராகப் பள்ளிகளுக்குப் போவீர்களா? வெட்கப்படாமல் இப்போதே பேசுங்கள்.

ஒப்பந்தத்தை எழுத உட்காருவதற்கு முன்னால், இந்த வாரமே அவரைப் பாருங்கள். ஃபோனில் வேண்டாம். விநியோகஸ்தர் எப்போது பேசினார், என்ன தருவதாகச் சொன்னார், உங்களுக்கு அதில் ஆசை இருக்கிறதா இல்லையா, எல்லாவற்றையும் சொல்லுங்கள். அந்த விநியோகஸ்தருக்கும் நண்பரைப் பற்றிச் சொல்லிவிடுங்கள், அவரும் காத்துக்கொண்டிருக்கிறார். நண்பர் கோபப்படலாம். யோசிக்க நாள் கேட்கலாம். விலகியும் போகலாம். அது அவர் எடுக்க வேண்டிய முடிவு, அதற்குத் தேவையான காலத்தைக் கொடுங்கள். அவர் தொடரலாம் என்று சொன்னால் 60:40 பற்றி எழுதுங்கள். முதலீட்டுக்குத் தனியாக வட்டி போட்டுக் கழித்துவிட்டு மிச்சத்தைச் சரிபாதியாகப் பிரிக்கும் முறை ஒன்று இருக்கிறது. உங்கள் இருவருக்கும் அது பொருந்தும் என்று நினைக்கிறேன்.

அன்புடன்,
அக்கா