அப்பாவின் நாற்காலி – கடிதம்

அன்புள்ள ஐயா,

வணக்கம். என் அப்பாவுக்கு 76 வயது. மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். நான்கு மாதங்களுக்கு முன் விடியற்காலையில் பாத்ரூமுக்குப் போனவர் வாசலிலேயே விழுந்துவிட்டார். எக்ஸ்ரேயில் எலும்பு முறிவு இல்லை. ஆனாலும் நாங்கள் பயந்துபோய் அன்றிலிருந்து அவரைத் தனியாக எங்கும் விடுவதில்லை. காபி, சாப்பாடு, மாத்திரை, பேப்பர் எல்லாம் ஹாலில் அவர் நாற்காலிக்கே போய்விடும். தினமும் நடந்து போகும் டீக்கடைக்கும் தடை போட்டுவிட்டோம். இப்போது எழுந்து நிற்கவே கை கொடுக்க வேண்டியிருக்கிறது. பேச்சும் குறைந்துவிட்டது. பொங்கலுக்கு வந்த தம்பி, "அப்பாவ உட்கார வச்சே கெடுத்துட்டீங்க" என்று சொல்லிவிட்டான். எனக்குத் தூக்கமே இல்லை. ஒரு குறையும் வைக்காமல்தானே பார்த்துக்கொண்டோம்? எங்கே தவறினோம்?

வாசகி, ஈரோடு

*

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் தம்பி அதை இன்னும் பக்குவமாகச் சொல்லியிருக்கலாம். எப்போதாவது வருகிறவர் கண்ணில் மாற்றம் சட்டென்று படும். கூடவே இருந்து சோறு போடுகிறவர்களுக்கு அது தெரிவதில்லை. ஆனால் அவர் பார்த்தது நிஜம்தான்.

நானும் என் அம்மாவுக்கு இதையேதான் செய்தேன். 71 வயதில் கொல்லைப்படியில் சறுக்கி விழுந்தாள். கணுக்கால் சுளுக்கு, பதினைந்து நாளில் சரியாகிவிட்டது. நாங்கள்தான் அவளை எழவிடவில்லை. கோலம் போடாதே, பூப் பறிக்காதே, தரையில் உட்காராதே. ஆறு மாதம் கழித்து ஒருநாள் காய் நறுக்க அரிவாள்மணை முன் உட்காரப் பார்த்தாள். பாதி இறங்கியதும் முட்டி நடுங்கிச் சுவரைப் பிடித்துக்கொண்டாள். "காலு என்னோடதாவே இல்லடா" என்றாள். அதன்பின் அவள் தரையில் உட்காரவே இல்லை. அவள் காலை அவளிடமிருந்து வாங்கி வைத்துக்கொண்டது நான்தான் என்று புரிய எனக்கு வெகுநாள் ஆயிற்று.

2007-ல் அமெரிக்காவில் வெளியான ஒரு ஆய்வு இது. நோயில்லாத முதியவர்களைப் பத்து நாள் படுக்கையிலேயே இருக்க வைத்துப் பார்த்தார்கள். கால்களிலிருந்து மட்டும் சராசரியாக ஏறத்தாழ ஒரு கிலோ தசை கரைந்திருந்தது. உங்கள் அப்பா படுக்கையில் கிடக்கவில்லை, நாற்காலியில்தான் இருக்கிறார். ஆனால் நான்கு மாதமாக இருக்கிறார்.

போன தசை திரும்புமா? திரும்பும். 1990-ல் பாஸ்டனில் ஒரு முதியோர் இல்லத்தில் 86 முதல் 96 வயது வரையிலான பத்துப் பேருக்கு எட்டு வாரம் எடை தூக்கும் கால் பயிற்சி கொடுத்தார்கள். ஒன்பது பேர் முடித்தார்கள். அவர்களுடைய கால் வலு சராசரியாக 174 சதவீதம் கூடியிருந்தது. இரண்டு பேர் கைத்தடியைப் போட்டுவிட்டு நடந்தார்கள். அவர்களோடு ஒப்பிட்டால் உங்கள் அப்பா இளைஞர்.

ஒரு மருத்துவரிடமோ பிசியோதெரபிஸ்டிடமோ காட்டிவிட்டு, அதே நாற்காலியிலிருந்தே தொடங்குங்கள். நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, எழுந்து நின்று மறுபடி உட்காரச் சொல்லுங்கள். முதலில் கைப்பிடியில் ஊன்றலாம். பிறகு ஒரு கை மட்டும். பிறகு இரண்டு கையையும் மார்பில் கட்டிக்கொண்டு. நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள், தூக்கிவிடாதீர்கள். முடிகிற மட்டும், காலையும் மாலையும். 75 முதல் 79 வயது வரையுள்ள ஆண்கள் முப்பது விநாடியில் 11 முறையாவது கை ஊன்றாமல் எழுந்து உட்கார வேண்டும், அதற்குக் குறைந்தால் விழும் அபாயம் உண்டு என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். இன்று அவரால் மூன்றுதான் முடியலாம். அதைக் காலண்டரில் எழுதி வையுங்கள்.

உங்கள் கடிதத்தில் இல்லாத ஒன்றைக் கேட்கிறேன். அவர் ஏன் விழுந்தார்? எக்ஸ்ரே எடுத்தீர்கள், எலும்பு நன்றாக இருந்தது, அதோடு எல்லாரும் நிம்மதியாகிவிட்டீர்கள். விடியற்காலை என்கிறீர்கள். ரத்த அழுத்த மாத்திரை, தூக்க மாத்திரை, புராஸ்டேட்டுக்கான மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறாரா? படுக்கையிலிருந்து சட்டென்று எழும்போது சிலருக்கு ரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றும். படுத்திருக்கும்போது ஒருமுறை, எழுந்து நின்றதும் ஒருமுறை அழுத்தம் பார்க்கும்படி டாக்டரிடம் நீங்களே கேளுங்கள். மாத்திரைகள் மொத்தத்தையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். நீங்களாக எதையும் நிறுத்த வேண்டாம். இரவில் எழுந்தால் ஒரு நிமிடம் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டுக் கிளம்பட்டும். கண்புரை இருக்கிறதா என்றும் பாருங்கள். பாத்ரூம் வாசலில் ஒரு சின்ன லைட், சுவரில் ஒரு கைப்பிடி. வழுக்கும் மிதியடியை எடுத்துவிடுங்கள். இதற்கெல்லாம் ஒரு நாள் போதும்.

சாப்பாட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். வயதானவர்களுக்கு நாம் அன்பாகப் போடுவது ரசம் சாதம், மோர் சாதம், இட்லி. தசை வளர அது போதாது. முதியவர்களுக்கு உடல் எடையில் கிலோவுக்கு ஒரு கிராமுக்குக் குறையாமல் புரதம் வேண்டும். 60 கிலோ இருப்பவருக்கு 60 கிராம். ஒரு முட்டையில் கிடைப்பது ஆறு கிராம்தான். ஆகவே முட்டை, பால், சுண்டல், கெட்டிப் பருப்பு, மீன் என்று மூன்று வேளைக்கும் பிரித்துக் கொடுங்கள். சிறுநீரகக் கோளாறு இருந்தால் மட்டும் அளவை டாக்டர் சொல்லட்டும்.

பேச்சு குறைந்துவிட்டது என்று ஒரு வரியில் எழுதிவிட்டுப் போய்விட்டீர்கள். என் மனதில் தங்கியது அதுதான். ஊருக்கே வெளிச்சம் கொடுக்கக் கம்பம் ஏறிய மனிதர், அடுத்த தெரு டீக்கடைக்குப் போகப் பிள்ளைகளிடம் அனுமதி கேட்க வேண்டியிருக்கிறது. அங்கே அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட நாலு பேர் இருந்திருப்பார்கள். வீட்டில் நீங்கள் எவ்வளவு பேசினாலும் அந்தப் பேச்சு ஆகாது. ஞாபக மறதி, பசியின்மை, காரணமில்லாத அழுகை என்று வேறு ஏதாவது சேர்ந்திருந்தால் டாக்டரிடம் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

கால் கொஞ்சம் தேறியதும் முதலில் வாசல்படி, பிறகு தெருமுனை. டீக்கடைக்குப் போகிற முதல் நாள் நீங்களும் கூடப் போங்கள். பக்கத்திலேயே நடங்கள். அவர் கேட்டால் மட்டும் கையைக் கொடுங்கள். கடை வந்ததும் அவரைப் பெஞ்சில் விட்டுவிட்டு, காய்கறி வாங்க வேண்டும் என்று சொல்லி ஒரு அரைமணி நேரம் தள்ளி இருங்கள்.

அன்புடன்.